பிழைகளை எண்ணக் கற்பிப்போம்



பட்டாசுக்கு வேண்டிய அலுமினியப் பொடியைத் தயாரிக்கும் நிறுவனத்தின் பெயரையே தாங்கி 1984இல் சிவகாசியில் எழுந்த மெப்கோ ஷ்லெங்க் முதலாக நம் வட்டாரத்தில் பொறியியற் கல்லூரிகள் பல உண்டு. அவற்றில், தகவல் தொடர்பு முறைகளைக் கணினியில் நடத்திப் பார்க்கும் சிமுலேஷன் பயிற்சி, விலையுயர்ந்த கருவிகளின்றியே மாணவருக்கு ஒரு சோதனைச்சாலையை அளிக்கிறது என்பதும் மெய்யே. ஆயினும், மென்பொருளில் ஆயத்தமாகக் கிடைக்கும் கட்டங்களை இணைத்து வரைபடம் எடுத்துவிட்டால் வித்தை கைவந்துவிட்டதெனத் திருப்தியுறும் வழக்கம் விசனத்திற்குரியது.

உதாரணமாக, அலையின் கட்டநிலையை இரண்டாக மாற்றிப் பிட்டுகளை அனுப்பும் பி.பி.எஸ்.கே. முறையில், வெண்ணிரைச்சலிடையே, ஒரு பிட்டின் ஆற்றலுக்கும் இரைச்சலின் நிறமாலை அடர்த்திக்குமுள்ள விகிதம் 9.6 டெசிபெல்லாக இருக்கையில், லட்சம் பிட்டுகளுக்குச் சராசரியாக ஒன்றே பிழையாகும். ஆகவே லட்சம் பிட்டுகளோடு நிறுத்தியவருக்குப் பிழையே தென்படாமலும் போகலாம், மூன்று தென்படவும் கூடும். நூறு பிழைகளை எண்ணக் கோடி பிட்டுகள் வேண்டும். அப்போதும் கிடைக்கும் பிழை விகிதம் சுமார் பத்து சதவிகிதம் முன்பின்னாகும். ஒரே சரவெடியைக் கொளுத்திப் பார்த்து ஒரு பருவத்துச் சரக்கை நிர்ணயிக்கும் வியாபாரி சிவகாசியில் உண்டோ?

விலையின்றிக் கிடைக்கும் சைலேப் மென்பொருளில், இரைச்சலையும் ஏற்பியையும் மாணவர் தம் கையாலேயே எழுதி, விடையைச் சூத்திரத்தோடு ஒப்பிட்டுக் காட்டிய பின்னரே மதிப்பெண் வழங்குமாறு பேராசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
விருதுநகர்.