முற்றிய நோயும் முறியாத நம்பிக்கையும்

புற்றுநோய் என்னும் சொல் ஓர் இல்லத்தினுள் நுழைந்ததும் அங்கு முதலில் மாறுவது பேச்சாகும். மருத்துவர் கூறியதைத் தாயிடம் பிள்ளைகள் மறைக்கின்றனர். தாயோ தம் உடல் உணர்த்தியதைப் பிள்ளைகளிடம் மறைக்கின்றார். ஒருவரையொருவர் காப்பதாக எண்ணி இருதிறத்தாரும் தனித்தனியே வாடுகின்றனர். இதனையே நம்பிக்கையூட்டல் என்று நாம் வழங்கி வருகின்றோம். உண்மையை அறிந்த பின்னும் நிலைத்து நிற்பதே நம்பிக்கை என்பது எம் கருத்து.

தோன்றிய இடத்திலிருந்து நுரையீரல், கல்லீரல், எலும்பு போன்ற பிற உறுப்புகளுக்கு நோய் பரவிய நிலையை நான்காம் நிலை என்பர். அந்நிலையில் சிகிச்சையின் நோக்கம் பெரும்பாலும் நோயை அடக்கி வைத்தலும், வாழ்நாளை நீட்டித்தலும், துன்பம் தணித்தலுமே. இதனை அறியாத குடும்பம், 'எப்போது முற்றும் குணமாகும்?' என்று கேட்டுக் கேட்டுச் சோர்வடைகின்றது. அறிந்த குடும்பமோ, கட்டி வளராமல் நின்றது என்னும் செய்தியையே பெரும்பேறாகக் கொள்கின்றது.

'இன்னும் எத்தனை மாதங்கள்?' என்பது அடுத்த வினா. அமெரிக்க அறிவியலறிஞர் ஸ்டீபன் ஜே கூல்டு என்பாருக்கு 1982இல் வயிற்றின் உட்சவ்வில் அரியவகைப் புற்றுநோய் காணப்பட்டது. அந்நோயாளரின் இடைநிலை வாழ்நாள் எட்டு மாதங்கள் என்று மருத்துவ ஏடுகள் உரைத்தன. இடைநிலை எனில், பாதிப்பேர் அக்காலத்தைக் கடந்தும் வாழ்ந்தனர் என்பதன்றோ பொருள்? அவ்வாறே சிந்தித்த அவர் மேலும் இருபது ஆண்டுகள் வாழ்ந்து 2002இல் மறைந்தார். எல்லார்க்கும் இது வாய்க்கும் என்று கூறுவார் யாருமிலர். ஆயினும் ஓர் எண்ணைத் தலைவிதியாகக் கொள்ள வேண்டுவதில்லை.

'மனவுறுதி இருந்தால் நோய் பறந்துவிடும்' என்று காணவருவோர் கூறும் ஆறுதலும் ஏற்கத்தக்கதன்று. அங்ஙனமாயின், நோய் மீறும்போது அது நோயுற்றாரின் குறையாகிவிடுமே! அஞ்சுவதற்கும் அழுவதற்கும் அவருக்கு உரிமையுண்டு.

வலியைப் பொறுத்துக்கொள்ளுமாறு அவரை வற்புறுத்துதலும் தகாது. மருத்துவர் அளவறிந்து தரும் மார்பின் கடும்வலியைத் தணிக்கும். நம் நாட்டில் அதனைப் பெறுவதிலிருந்த சட்டத் தடைகளைத் தளர்த்த 2014இல் திருத்தம் செய்யப்பட்டது. தமிழகத்தில் 2021இல் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டிற்கே வந்து அளிக்கும் வலிதணிப்புச் சேவையும் அடங்கும். வலிதணிப்பு இறுதி நாட்களுக்கு மட்டும் உரியதென்று எண்ணுவோர் பலர். சிகிச்சையின் தொடக்கத்திலேயே அதனை நாடலாம்.

மாணவச் செல்வங்களே! மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை ஏட்டில் எழுதிச் செல்லுங்கள். கீமோதெரபி பெறுங்காலத்தில் காய்ச்சல் 100.4 பாகை பாரன்ஹீட்டைத் தொட்டால் விடியும்வரை காத்திராது மருத்துவமனைக்கு விரையுங்கள். வெள்ளணுக்கள் குறைந்த உடலில் கிருமித்தொற்று உயிருக்கே ஊறு செய்யும். 'உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?' என்று பெற்றோரையே கேளுங்கள். உங்கள் படிப்பைக் கைவிடாதீர்கள். அவர்தம் கனவுகளில் அதுவும் ஒன்று.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். கைகண்ட மருந்தென்று கேள்விப்பட்டதையெல்லாம் பரிந்துரைப்பதைத் தவிர்த்து, பயணச் செலவிற்கும் துணைக்கும் ஏற்பாடு செய்வீர்களாயின் அக்குடும்பம் மூச்சு விடும்.

நம்பிக்கையின் இலக்கு காலத்திற்கேற்ப மாறும். முதலில் நோய் நீங்க வேண்டுவோம். பின்னர் வரும் பெருநாளை அவர் வீட்டில் காண வேண்டுவோம். ஒருநாள், அன்றிரவு அவர் வலியின்றி உறங்கினால் போதும் என்போம். இலக்கு சிறிதாவதால் நம்பிக்கை சிறிதாவதில்லை.