14.20 கோடிங்கறது மார்க் இல்லைங்க!

முதல்லயே சொல்லிடறேன், நான் 2008-லேர்ந்து மஞ்சள் சட்டை கோஷ்டி. அதனால சிஎஸ்கே எதிரின்னு முத்திரை குத்தி ஆட்டோ எல்லாம் அனுப்பிடாதீங்க மக்கா.

விஷயம் இதுதான். 2025 டிசம்பர் 16, அபுதாபியில ஐபிஎல் ஏலம். உ.பி.யின் பிரசாந்த் வீர், ராஜஸ்தானின் கார்த்திக் சர்மா. இருபது வயசு சுமாருக்கு ரெண்டு பசங்க, இந்தியாவுக்கு ஒரு மேட்ச் கூட ஆடாதவங்க. அடிப்படை விலை 30 லட்சம். சிஎஸ்கே எடுத்த விலை தலைக்கு 14.20 கோடி. பையில இருந்ததே 43.40 கோடி, அதுல 28.40 கோடி இவங்களுக்கே போச்சு.

மறுநாள் காலையில அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடையில ரிசல்ட் வந்துடுச்சு. ஒருத்தர் பத்துக்கு ஒன்பது போட்டார், பக்கத்துல இருந்தவர் ரெண்டு போட்டார். ரெண்டு பேருமே அந்தப் பசங்க ஆடி ஒரு ஓவர் பார்த்ததில்லை. (நானும்தான், ஹிஹி!)

டைம்பாஸ்தானேன்னு நானும் விட்டிருப்பேன். ஆனா அங்க ஆவடியிலேர்ந்து வர்ற ஒரு லேத் பட்டறை அண்ணன் நின்னுட்டிருந்தார். பையன் பதினொண்ணாவது படிக்கிறான், இடதுகை ஸ்பின். கோச்சிங் ஃபீஸுக்காக சீட்டு எடுத்தவர். கிளாஸை வெச்சுட்டுக் கேட்டார்: "இன்னா தம்பி, அந்த வீர் பையனும் இடதுகை ஸ்பின்தானாமே? இவனை ஸ்கூலை நிறுத்திட்டு முழுசா இதுலயே உட்டுடலாமா?"

எனக்கு டீ இறங்கலை. அதான் இந்தப் பதிவு.

ஏல விலைங்கறது ஆட்டக்காரனுக்குப் போடற மார்க் இல்லை. எத்தனை அணிகிட்ட பணம் மிச்சம் இருக்கு, எந்த இடம் காலியா இருக்கு, அவ்வளவுதான் அது சொல்லுது. நவம்பர்லதான் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துட்டு சஞ்சு சாம்சனை வாங்கினாங்க. இடதுகை ஸ்பின்னும் போட்டு பேட்டும் பிடிக்கற இடம் காலி. பையில பணம். அதே மாதிரி ஆள் தேடற இன்னொரு அணியும் கையைத் தூக்கினா விலை ஏறாம என்ன செய்யும்? முகூர்த்த நாள்ல பூந்தமல்லியில மல்லி என்ன விலைன்னு கேட்டுப் பாருங்க. பூவுக்கு அன்னிக்கு வாசனையா கூடிப்போச்சு?

நம்பலைன்னா நம்ம நடராஜனைப் பாருங்க. 2017-ல பஞ்சாப் கொடுத்தது 3 கோடி. அடுத்த வருஷம் ஹைதராபாத் எடுத்தது 40 லட்சத்துக்கு. 2024 நவம்பர்ல ஜெட்டாவுல டெல்லி கொடுத்தது 10.75 கோடி. அவ்வளவு கொடுத்துட்டு 2025 சீசன்ல இறக்கிவிட்டது ரெண்டே மேட்ச். மூணுல எது அவரோட மார்க்? சொல்லுங்க பார்ப்போம்.

சரி, ஏலமே இல்லாத இடத்துல? அமெரிக்காக்காரனோட ஃபுட்பால்ல கடைசியா வந்த அணிதான் புதுப்பசங்கள்ல முதல் ஆளை எடுக்கும். கல்லூரி ஆட்டத்தை எல்லாம் வருஷக்கணக்கா உட்கார்ந்து பார்த்துட்டுதான் எடுப்பாங்க. அப்படியும் 2000-ல டாம் பிராடியை எடுத்தது 199-வது ஆளா. அவர் ஜெயிச்சது ஏழு சூப்பர் பவுல். முழுநேரமா இதையே தொழிலா பார்க்கறவனுக்கே இந்தக் கதின்னா, டீக்கடை மார்க்குக்கு என்ன மரியாதை?

அடுத்த கோஷ்டி: "தமிழ்நாட்டு ஆளை எடு, எல்லாம் சரியாயிடும்." ஐயா, எடுத்தாங்களே! அதே ஜெட்டாவுல அஸ்வினுக்கு 9.75 கோடி. சொந்த ஊர் திரும்பறார்னு நானும்தான் விசில் அடிச்சேன். 2025-ல 9 மேட்ச், 7 விக்கெட். ஆகஸ்ட்ல ஐபிஎல்லுக்கே டாட்டா சொல்லிட்டார். டீம் சரித்திரத்துல முதல் தடவையா கடைசி இடம். தப்பு அஸ்வின் மேல இல்லை, பேருக்குக் காசு கொடுத்தவங்க மேல, விசிலடிச்ச நம்ம மேல. அந்த சீசன்ல கொஞ்சம் நம்பிக்கை கொடுத்த ஆயுஷ் மாத்ரேவும் பிரெவிஸும் நம்ம ஏல மேசையில வந்தவங்களே இல்லை, காயம்பட்டவங்களுக்கு மாற்றா நடுவுல வந்தவங்க.

நிஜமான தப்பு எது தெரியுமா? சாய் சுதர்சன். 2021 டிஎன்பிஎல் முழுக்க நடந்தது சேப்பாக்கத்துல, நம்ம வீட்டு வாசல்ல. பையன் அங்க வெளுத்துக்கட்டினான். 2022 ஏலத்துல குஜராத் அடிப்படை விலை 20 லட்சத்துக்குத் தூக்கிட்டுப் போச்சு. 2023 ஃபைனல்ல நமக்கு எதிரா 47 பந்துல 96. 2025-ல 759 ரன், ஆரஞ்சு தொப்பி. அபுதாபியில இறைச்ச 28.40 கோடி அந்தத் தப்பைத் திருத்தாது. தமிழன்னு அவனை எடுத்திருக்க வேணாம். வாசல்ல ஆடினவனை உட்கார்ந்து பார்த்திருந்தா போதும்.

அதனால இனிமே அணிக்கு மார்க் போடறதா இருந்தா ரெண்டே கேள்வி கேளுங்க. எந்த ஓட்டையை அடைக்க எடுத்தாங்க? எடுக்கறதுக்கு முன்னாடி எவ்வளவு நாள் பார்த்தாங்க? விலையை விடுங்க, அது நம்ம அப்பன் வீட்டுக் காசா?

அந்த அண்ணனுக்குச் சொன்னது இதுதான். "ஸ்கூலை நிறுத்தாதீங்கண்ணே. ஜெட்டா ஏலத்துக்குப் பேர் கொடுத்தவங்க 1574 பேரு, விலை போனது 182. மிச்சப் பேரும் ஆடத் தெரியாதவங்க இல்லை. பையன் லீக்ல கீழ் டிவிஷன்லேர்ந்து ஏறட்டும். ரஞ்சி லெவனுக்குள்ள வந்துட்டாலே நாளுக்கு 40,000-லேர்ந்து 60,000 ரூபா சம்பளம். அதை யாரும் டிவியில சுத்தியல் அடிச்சுக் காட்ட மாட்டாங்க, ஆனா அதுவும் கிரிக்கெட்தான். காலையில கிரவுண்ட், அப்புறம் ஸ்கூல்."

கொஞ்ச நேரம் பேசாம நின்னார். அப்புறம், "கரெக்ட்டுதான் தம்பி. ஆனா எங்கிட்ட சொல்ற. அவன் ரூம் செவுத்துல 14.20-ன்னு சாக்பீஸ்ல எழுதி வெச்சிருக்கான். நீயே ஒரு நாள் வந்து அவன்கிட்ட சொல்லேன்"னார்.

ஞாயித்துக்கிழமை போறேன்னு சொல்லியிருக்கேன்.

டிஸ்கி: வீரும் கார்த்திக்கும் செஞ்சுரி அடிச்சாலும் சரி, டக் அடிச்சாலும் சரி, இந்தப் பதிவுல ஒரு வரி மாத்த மாட்டேன். விசில் மட்டும் வழக்கம்போல அடிப்பேன் :-)