முழங்காலும் சட்டமும்

இராயபுரத்திலும் காசிமேட்டிலும் குத்துச்சண்டை பழகியவர்கள் அறிந்த விஷயம் ஒன்றுண்டு. குத்து கையில் பிறப்பதன்று. பாதம் தரையை உதைக்க, அந்த வேகம் முழங்கால், இடுப்பு, தோள் வழியாக ஏறிக் கடைசியில்தான் முஷ்டியை அடைகிறது. வாத்தியார்கள் வாய்மொழியாகச் சொல்லிவந்த இதனை இன்று சாஸ்திரிகள் அளந்து காட்டுகிறார்கள். நடைபாதையில் பளுவை உணரும் தட்டுகளைப் பதித்து, மூட்டுகளில் அடையாளப் பொட்டுகளை ஒட்டி, பல காமிராக்களால் படமெடுத்து, ஒவ்வோர் அடியிலும் எந்த மூட்டு எவ்வளவு சுமக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். தேக இயக்க சாஸ்திரம் என்று இதனை நாம் அழைக்கலாம்.

பந்தய வீரர்களுக்கு இச்சாஸ்திரம் பயன்படுவது பற்றி நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் இதனால் அதிகப் பயன் பெறவேண்டியவன் மைதானத்தில் இல்லை. துறைமுகத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீண்டு கிடக்கும் வீதியில் இருக்கிறான். கன்டெய்னர் லாரிகளுக்கும், இரும்புப் பட்டறைகளுக்கும், ரயில் தண்டவாளங்களுக்கும் நடுவே ஜீவனம் செய்யும் அவனுக்குக் காலை இழக்கும் அபாயம் தினசரித் துணைவன்.

அவனுக்கென ஒரு நல்ல காரியம் நம் நகரிலேயே நடந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில், பேராசிரியை சுஜாதா ஸ்ரீனிவாசனின் தலைமையில் இயங்கும் டி.டி.கே. ஆராய்ச்சி நிலையம், வேறிரு ஸ்தாபனங்களுடன் சேர்ந்து, 2022-ல் 'கதம்' என்னும் செயற்கை முழங்காலை வெளியிட்டது. ஹிந்தியில் அச்சொல்லுக்குக் காலடி என்று பொருள். பழந்தமிழில் கோபம் என்று பொருள்படுவதைப் பெயர் வைத்தவர்கள் பொருட்படுத்தவில்லை போலும்! சாதாரண கதவுக்கீலைப் போல் ஒரே அச்சில் சுழலாமல், பல இணைப்புகளால் ஆனபடியால், இம்மூட்டின் சுழற்சி மையம் காலை மடக்க மடக்க இடம் மாறுகிறது. நிற்கும்போது கால் உறுதியாய் நிற்கிறது. வீசி நடக்கும்போது சற்றே குறுகி, விரல்நுனி தரையில் தட்டாமல் கடந்துபோகிறது. 160 டிகிரி வரை மடங்குவதால் பஸ்ஸின் நெருக்கமான ஆசனத்திலும் உட்காரலாம். இத்தகைய மூட்டு இத்தேசத்திலேயே வகுக்கப்பட்டு, இங்கேயே செய்யப்படுவது இதுவே முதல் தடவை.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். தொழிலாளர் நஷ்டஈட்டுக்கான 1923-ம் வருஷத்துச் சட்டத்தோடு ஓர் அட்டவணை வளர்ந்து வந்தது. 2020-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதுவே குடியேறியிருக்கிறது. நடுத்தொடைக்குக் கீழே தொடங்கி, முழங்காலுக்குக் கீழ் மூன்றரை அங்குலம் வரை எங்கே கால் துண்டிக்கப்பட்டாலும், சம்பாதிக்கும் சக்தியில் 60 சதவிகிதம் நஷ்டம் என்பது அதன் கணக்கு. முழங்காலுக்கு மேலே காலை இழந்தவனும், மூட்டுக்கு மூன்று அங்குலம் கீழே இழந்தவனும் அதன் கண்ணுக்கு ஒன்றே. சொந்த முழங்கால் மிஞ்சியவன் ஏறக்குறையப் பழையபடி நடக்கலாம். அதை இழந்தவனோ ஒவ்வோர் அடிக்கும் அதிக மூச்சைச் செலவிடுகிறான். நடையை அளந்த எவரும் இவ்விருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தமாட்டார். கணக்கு எழுதும் குமாஸ்தாவுக்கும் கப்பல் ஏணியில் ஏறும் தொழிலாளிக்கும் ஒரே 60 என்பது அதனினும் விந்தை.

ஸுப்ரீம் கோர்ட் இவ்விஷயத்தில் வழிகாட்டாமலில்லை. முழங்கைக்கு மேலே இடது கையை இழந்த ஒரு தச்சரின் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய இயலாதாகையால் அது பூரண நஷ்டமே என்று 1975 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அட்டவணையின் அங்குலத்தைவிட மனிதனின் தொழில் பெரிதென்று கொண்ட தீர்ப்பு அது. ஆனால் டில்லி வரை வழக்காடத் திராணியுள்ள தொழிலாளிகள் எத்தனை பேர்?

நிர்ணயமான அட்டவணை இருப்பதால்தான் முதலாளியின் டாக்டரோடு பேரம் பேசாமல் தொழிலாளி பணம் பெறுகிறான் என்று வக்கீல் நண்பர்கள் சொல்லுவார்கள். உண்மை. அட்டவணையை ஒழிக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. நம்முடைய பயம் வேறு. "இவனுக்குத்தான் நல்ல செயற்கைக் கால் கிடைத்துவிட்டதே, நன்றாய் நடக்கிறானே, முழு ஈடு எதற்கு?" என்று அளவைப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு இன்ஷூரன்ஸ் கம்பெனி வாதாடும் நாள் தூரத்தில் இல்லை. ஆகையால் அட்டவணையின் தொகை குறைந்தபட்ச வரம்பாக நிற்கட்டும். நடையின் அளவும் தொழிலின் தன்மையும் அதற்கு மேலே கூட்டுவதற்கு மட்டுமே சாட்சியாகட்டும். இதனைச் சட்டத்திலேயே தெளிவாக எழுதிவிட வேண்டும்.

மற்றொரு விஷயம். செயற்கைக் கால் ஒருமுறை வாங்கி ஆயுள் முழுவதும் வைத்துக்கொள்ளும் பொருளன்று. ஆபரேஷனுக்குப் பின் எஞ்சிய பாகம் மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே வரும், அதைத் தாங்கும் கிண்ணம் தளரும், புண்ணாகும், மீண்டும் மீண்டும் திருத்தியாக வேண்டும். அதற்கு அவன் எங்கே போவது? ஐ.ஐ.டி. கிண்டிப் பக்கம், சர்க்காரின் புனர்வாழ்வு மருத்துவ நிலையம் கே.கே. நகரில். எண்ணூரிலிருந்து ஒற்றைக் காலோடு இரண்டு பஸ் மாறிப் போய்வந்தால் அன்றைய கூலி போயிற்று. இரண்டு முறை போனவன் மூன்றாம் முறை காலை மூலையில் சாய்த்துவிட்டு ஊன்றுகோலை எடுத்துக்கொள்கிறான்.

கைக்கு இக்குறை இல்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய கைச் சிகிச்சை ஸ்தாபனம், யந்திரத்தில் கை நசுங்கியவர்கள் வசிக்கும் பகுதியிலேயே இருந்துகொண்டு தேசமெங்கும் பெயர் பெற்றிருக்கிறது. அதே வளாகத்தில் காலுக்கும் ஒரு பகுதி அமையட்டும். நடையை அளக்கும் கூடம் ஒன்றும், கிண்ணம் திருத்தும் பட்டறை ஒன்றும், கைதேர்ந்த சில தொழில்வல்லுநர்களும் இருந்தால் போதும். ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் வாரம் ஒரு நாள் அங்கு வந்தால், தங்கள் மூட்டு எண்ணூர்ச் சாம்பலிலும் காசிமேட்டு உப்புநீரிலும் எத்தனை நாள் தாங்குகிறது என்பதை நேரில் காண்பார்கள். வரும் பட்ஜெட் கூட்டத்தில் வடசென்னை அங்கத்தினர்கள் முதற்கேள்வியாக இதனை எழுப்ப வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.