சிறுத்தைக்கு வரும் பணம் லயத்துக்கும் வர வேண்டும்

2020 மே மாத இறுதியில் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் அகப்பட்டது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களில் இறந்துவிட்டது. நாடே கவலைப்பட்டது. சுருக்கு ஏன் அங்கே இருந்தது என்று கேட்டவர்கள் குறைவு.

நம் மலைகளில் பெரும்பாலும் சுருக்கு வைப்பது காட்டுப்பன்றிக்குத்தான். லயத்துக்குப் பின்னால் நாம் போட்ட நாலு பாத்தி கரட்டையும் கிழங்கையும் பன்றிக் கூட்டம் ஒரே இரவில் கிளறிவிட்டுப் போகிறது. இறைச்சிக்காக வைப்பவர்களும் இருக்கிறார்கள். அதை நாம் மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதே பாதையில்தான் சிறுத்தையும் நடக்கிறது. பன்றிக்குட்டி அதற்கும் இரை. சிறுத்தையைச் சாகவிட்டால் பன்றிக்குத்தான் கொண்டாட்டம்.

இந்தச் சிறுத்தை இனம் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. வளர்ந்தவை ஆயிரத்துக்கும் குறைவு என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. யால, வில்பத்து மட்டும் அதன் வீடல்ல. தேயிலை மலைகளுக்கு நடுவே உள்ள காட்டுத் துண்டுகளும் ஆற்றோரப் பற்றைகளும் அதன் வீடுதான். ஒவ்வொரு சிறுத்தையின் புள்ளியும் வேறு. பாதையோரம் தானியங்கிக் கமரா வைத்து, புள்ளியைப் பார்த்து எண்ணுகிறார்கள். ஒரு வருடம் எண்ணினால் போதாது. தொடர்ந்து எண்ணினால்தான் கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும். அதற்குப் பணம் வேண்டும். அந்தப் பணத்தை நாம் எதிர்க்கவில்லை.

"நம்ம சம்பளத்துக்கே இழுபறி, புலிக்கு என்ன பணம்?" என்று பெரட்டுக் களத்தில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அது நம் சம்பளத்திலிருந்து போகும் பணமல்ல. சிறுத்தையின் பெயரில் வரும் பணம். காட்டு விலங்கைக் காக்கும் தோட்டம் என்ற சான்றிதழ் தேயிலையை விற்கவும் உதவுகிறது. அந்தக் காவலில் பாதி நம் கையில் இருக்கும்போது பங்கும் நமக்கு இருக்க வேண்டும்.

நாம் கேட்பது இவை:

1. கமரா வைக்கவும் சுருக்குத் தேடி அகற்றவும் தோட்டத்து இளைஞர்களைச் சம்பளத்துக்கு எடுக்க வேண்டும்.

2. மரக்கறிப் பாத்திகளுக்குப் பன்றி புகாத வேலி அமைக்கப் பணம் ஒதுக்க வேண்டும். வேலி இருந்தால் சுருக்குக்குத் தேவை இல்லை.

3. சிறுத்தை நிற்கும் மலைக்கு அன்று கொழுந்தெடுக்கப் போகாத பெண்களுக்கு வேறு மலையில் வேலை கொடுக்க வேண்டும். பேர் வெட்டக் கூடாது. காயப்பட்டால் முழு வைத்தியச் செலவும் நட்டஈடும் தர வேண்டும்.

4. மலையகத்திலேயே மயக்க ஊசி போடக்கூடிய மிருக வைத்தியர் ஒருவர் நிரந்தரமாக இருக்க வேண்டும். வனஜீவராசிகள் திணைக்களத்தின் அறிவித்தல்கள் லயத்துக்குத் தமிழில் வர வேண்டும்.

நம் பக்கத்துக் கடமையும் உண்டு. சுருக்கைக் கண்டால் கழற்றுவோம். சிறுத்தை அகப்பட்டிருந்தால் கூட்டம் கூட வேண்டாம். அது பயந்து இழுக்க இழுக்கக் கம்பி இறுகும். தலைவருக்கும் திணைக்களத்துக்கும் உடனே சொல்லுங்கள். சிறுத்தையைக் கொன்றால் சிறைக்குப் போவது துரை அல்ல, நம் வீட்டுப் பிள்ளை.

கமராவில் சிறுத்தையை எண்ணுபவர்கள், அதே பாதையில் விடியற்காலை கூடையோடு நடக்கும் பெண்களையும் கணக்கில் எடுக்கட்டும்.