தைலம் இருக்கட்டும், சுகர் பார்த்தீர்களா?

"ஐயா, தலை பின்னக் கை எழும்ப மாட்டேங்குது. முதுகு தேய்க்க முடியல. நல்லதா ஒரு தைலம் கொடுங்க."

ஐம்பதை ஒட்டிய பெண்கள் இப்படிச் சொல்லிக்கொண்டு வருவார்கள். ஆண்கள் என்றால், பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க முடியவில்லை என்பார்கள். "சுகர் பார்த்தீங்களா?" என்று கேட்டால் முகம் சுளிக்கும். "தோள் வலிக்கும் சுகருக்கும் என்னங்க சம்பந்தம்?"

சம்பந்தம் உண்டு. ரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால், மூட்டைச் சுற்றியுள்ள சவ்வின் நார்களில் அது ஒட்டி, நெகிழ்வைக் கெடுக்கிறது. சவ்வு தடித்துச் சுருங்கினால் தோள் பூட்டிக்கொள்ளும். இங்கிலீஷ் வைத்தியத்தில் 'ஃப்ரோஸன் ஷோல்டர்' என்பதை நாங்கள் கும்பவாதம் என்போம். மற்றவர்களைவிடச் சர்க்கரைக்காரர்களுக்கு இது பல மடங்கு அதிகம். சிலருக்குச் சர்க்கரை இருப்பதே தோளைக் காட்ட வந்த இடத்தில்தான் தெரியவருகிறது.

சக வைத்தியர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, சொல்லிவிடுகிறேன். நாடி பார்த்து, நொச்சி ஒற்றடமும் தொக்கணமும் சொல்லி அனுப்பிவிடுகிறோம். லேபுக்குச் சீட்டு எழுதுவதை என்னவோ கௌரவக் குறைச்சலாக நினைக்கிறோம். நானும் அப்படி இருந்தவன்தான். ஒரு ஆசிரியைக்கு நான்கு மாதம் தைலமே கொடுத்துக்கொண்டிருந்தேன். காலில் ஆறாத புண் வந்து, வேறு இடத்தில் ரத்தம் எடுத்தபோது சர்க்கரை 300-ஐத் தாண்டியிருந்தது. அந்த நான்கு மாதமும் என் கணக்கில்தான் சேரும்.

பாத எரிச்சலும் இதே கதைதான். ராத்திரியில் மிளகாய் அரைத்துப் பூசியது மாதிரி எரியும். அதே பாதம் மரத்தும் போயிருக்கும். வெந்நீரில் கால் வைத்தால் கொப்புளம் கிளம்பியதுகூடத் தெரியாது. மரத்த காலுக்குச் சூட்டு ஒற்றடம் கூடவே கூடாது.

வலியாலும் சர்க்கரை ஏறும். தூக்கம் கெடுகிறது, நடை நின்றுபோகிறது, அப்புறம் எப்படி இறங்கும்? தோளில் ஸ்டீராய்டு ஊசி போட்டாலும் சில நாளைக்கு எகிறும். போடுகிறவரிடம் உங்களுக்குச் சர்க்கரை உண்டு என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை இறங்கிவிட்டது என்பதற்காகத் தோள் மறுநாளே விட்டுவிடாது. சுவரில் விரல்களை மெல்ல மெல்ல மேலே ஊர்த்தும் பயிற்சியை மாதக்கணக்கில் செய்ய வேண்டும். தைலம் அதற்கு இதமான துணை, அவ்வளவே. அதை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

வெறும் வயிற்றில் 126-க்கு மேலோ, மூன்று மாத சராசரி சொல்லும் எச்.பி.ஏ.1.சி 6.5-க்கு மேலோ இருந்தால், மறுபடி ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த ரிப்போர்ட்டோடு வாருங்கள், தைலத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.