வழி விடாத புது நகர்கள்

சாரல் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில், தென்காசியிலிருந்து மேலகரம் வழியாகக் குற்றாலம் போகும் சாலையில் வண்டிகள் ஊர்கின்றன. சாலையை அகலப்படுத்தச் சொல்லும் குரல் ஒவ்வொரு சீசனிலும் எழுகிறது. ஆனால் அருவிக்கு வருபவர்களோடு, பால் வாங்கவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் கிளம்பும் உள்ளூர்க்காரர்களும் அதே சாலையில்தான் வந்து விழ வேண்டியிருக்கிறது. எவ்வளவு அகலப்படுத்தினாலும் இந்தக் கூட்டம் குறையாது.

பழைய தென்காசியின் அமைப்பு வேறு. 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விசுவநாதர் கோயிலைச் சுற்றி ரத வீதிகள். அவற்றிலிருந்து பிரியும் தெருக்கள். தெருக்களைக் கோக்கும் சந்துகள். ஒரு தெருவைக் கல்யாணப் பந்தல் மறித்தால் அடுத்த தெரு வழியாகப் போய்விடலாம்.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டத் தலைநகரானது. ஊரைச் சுற்றியுள்ள வயல்கள் மனைகளாகி வருகின்றன. ஒருவர் வாங்கிய நிலத்தில் நான்கு தெரு, முகப்பில் ஒரு வளைவு, ஏதோ ஒரு 'நகர்'. தெருக்கள் அவருடைய வரப்போடு நின்றுவிடுகின்றன. பக்கத்து நிலத்தை இன்னொருவர் பிரிக்கும்போது நடுவில் சுவர் எழுகிறது. பின்வீட்டுக்குப் போக மெயின் ரோட்டைச் சுற்ற வேண்டும்.

இது உலகம் முழுக்க நடப்பதுதான். பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்ற இரு ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வு, 1975-க்குப் பிறகு உலகில் போடப்பட்ட தெருக்கள் ஒன்றோடொன்று இணைவது குறைந்துகொண்டே வருவதைக் காட்டியது. இணைப்பில்லாத இடங்களில் மக்கள் நடப்பதை விட்டு வண்டியை எடுக்கிறார்கள். அமெரிக்காவில் 1990-களின் நடுவிலிருந்து இந்தப் போக்கு திரும்பத் தொடங்கியது.

முட்டுச்சந்தில் அமைதி உண்டு, பிள்ளைகள் விளையாடலாம் என்பார்கள். நியாயம்தான். அங்கே காருக்கு வழி வேண்டாம். நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் ஒரு நடைபாதை விட்டால் போதும்.

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது. 2016 அக்டோபர் 20-க்கு முன் அங்கீகாரமின்றிப் பிரிக்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் தமிழக அரசு விதிகள் கொண்டுவந்தது. பத்திரச் சிக்கல் தீர்ந்தது. தெரு முட்டிய இடத்திலேயே நின்றது. வீடு கட்டிக் குடியேறியவரிடம் போய் யார் வழி கேட்பது?

பெரிய மனைப்பிரிவுகள் 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்று இப்போதே விதி உண்டு. அதே கண்டிப்போடு, தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் வரவேண்டிய இணைப்புத் தெருக்களை நகர் ஊரமைப்பு இயக்ககம் முதலில் வரைபடத்தில் குறித்துவிட வேண்டும். அந்தக் கோட்டை மறிக்கும் மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தரக் கூடாது. மிச்சமிருக்கும் வயல்கள் கைமாறுவதற்குள் இது நடக்க வேண்டும்.