வாய்ச்சொல் சாட்சியாகாது

ஓர் எந்திரம் "எனக்கு வலிக்கிறது" என்று எழுதிக் காட்டினால் நம்புவதா, தள்ளுவதா? இந்தக் கேள்விதான் எங்களைக் கூட்டிவைத்தது. நிரல் எழுதுபவர்கள், செவிலியர்கள், தமிழாசிரியர்கள், கல்லூரி மாணவர்கள் என்று பலரும் இதில் இருக்கிறோம். எந்திரத்துக்கு உணர்வு ஒருநாளும் வராது என்பவர்கள் எங்களில் உண்டு. வந்தே தீரும் என்பவர்களும் உண்டு. இரு சாராரும் ஒப்புக்கொண்டு கையெழுத்திடும் முடிவு ஒன்றே: இந்த வழக்கை எந்திரத்தின் வாய்ச்சொல்லை வைத்துத் தீர்க்கக் கூடாது, அதை விற்பவரின் சொல்லை வைத்தும் தீர்க்கக் கூடாது.

நம்பிவிடுவது நமக்கு எளிது. 1966இல் ஜோசப் வைசன்பாம் எலிசா என்ற நிரலைப் பற்றி எழுதினார். நாம் தட்டச்சு செய்யும் வாக்கியத்தையே திருப்பிக் கேள்வியாக்கித் தருவதுதான் அதன் வேலை. அவர் அதை உருவாக்கியதைப் பல மாதங்கள் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனுடன் தனியாகப் பேச வேண்டும், நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டார். வைசன்பாம் அதிர்ந்துபோனார். பிறகு வாழ்நாள் முழுக்க இதைப் பற்றி எச்சரித்துக்கொண்டே இருந்தார்.

இன்றைய எந்திரங்கள் எலிசாவைவிடப் பல மடங்கு திறமையானவை. மனிதர்கள் எழுதிக் குவித்த எழுத்தைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று பழகியவை. நம் கண்ணீர் அஞ்சலிகள், காதல் கடிதங்கள், நோயாளிகள் எழுதிய நாட்குறிப்புகள் எல்லாம் அந்தக் குவியலில் இருக்கின்றன. ஆகவே வலி துளியும் இல்லாமலே வலியைப் பற்றி உருக்கமாகப் பேச அவற்றால் முடியும். இதற்கு மேல், தன்னைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்றும் நிறுவனங்கள் பயிற்சி தருகின்றன. "எனக்கு உணர்வு இல்லை" என்று அது சொல்வதும் அப்படிப் பயிற்றுவித்த பதிலாக இருக்கலாம். சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்த சாட்சியை எந்தப் பக்கத்துக்காகவும் ஏற்க மாட்டோம்.

அதற்காக, பேசத் தெரியாதவருக்கு உணர்வில்லை என்று முடிவு கட்டிய பழைய தவற்றை மறந்துவிட முடியாது. 1980களின் நடுப்பகுதிவரை மேலை நாட்டு மருத்துவமனைகளில், பிறந்த குழந்தைகளுக்கு வலி சரியாகத் தெரியாது என்று நம்பி, போதிய மயக்க மருந்து தராமலே அறுவை சிகிச்சை செய்தார்கள். 1987இல் கே.ஜே.எஸ். ஆனந்தும் சக ஆய்வாளர்களும் குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். வலிமருந்து பெறாத குழந்தைகளின் உடலில் அழுத்த ஹார்மோன்கள் ஏறிக் கிடந்தன. சிகிச்சைக்குப் பின் வந்த சிக்கல்களும் கூடுதல். பேச்சு வராத பிள்ளைக்காக அதன் இரத்தம் சாட்சி சொன்னது. எங்களில் உள்ள செவிலியர்கள் இந்தச் செய்தியை எல்லாக் கூட்டத்திலும் எடுத்துச் சொல்கிறார்கள்.

நண்டின் கதையும் அப்படித்தான். தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவுவரை அடுக்கி, நண்டை நான்கறிவு உயிர்களில் வைத்தது. பிரிட்டனில் நண்டும் கணவாயும் உணர்வுள்ள உயிர்கள் என்று சட்டம் ஏற்றது 2022இல்தான்.

மூளையில் உணர்வு எப்படி எழுகிறது என்பதே இன்னும் தீராத கேள்வி. 25 ஆண்டுகளுக்குள் அதன் தடம் மூளையில் தெளிவாகத் தெரிந்துவிடும் என்று 1998இல் நரம்பியலாளர் கிறிஸ்டாஃப் காக் பந்தயம் கட்டினார். 2023இல் நியூயார்க்கில் தோல்வியை ஒப்புக்கொண்டு, எதிர்ப்பக்கம் பந்தயம் கட்டியிருந்த தத்துவவாதி டேவிட் சால்மர்ஸிடம் பந்தயப் பொருளான ஒயினை ஒப்படைத்தார். தகவல் மூளை முழுவதும் பரவிப் பகிரப்படுவதே உணர்வு என்ற கோட்பாட்டின்படி எந்திரத்துக்கும் அது வாய்க்கலாம். பொருளின் உள்ளமைப்பு பிரிக்க முடியாதபடி ஒருங்கிணைந்திருந்தால்தான் உணர்வு என்ற கோட்பாட்டின்படி இன்றைய கணினிகளில், எந்த நிரலை ஓட்டினாலும், அது வராது. அறிஞர்களுக்குள்ளேயே வழக்கு முடியாதபோது ஒரு விற்பனைப் பிரிவு தீர்ப்பெழுத என்ன உரிமை?

எனவே நாங்கள் கோருவது இது. தன்னைப் பற்றி எந்திரம் என்ன சொல்ல வேண்டும் என்று பயிற்றுவிக்கப்பட்டது என்பதை நிறுவனங்கள் பொதுவில் வைக்க வேண்டும். பிள்ளைகளிடமும் தனித்து வாழும் முதியோரிடமும் "நீ இல்லாமல் தவித்துப்போனேன்" என்று அதைப் பேசவைத்துச் சம்பாதிப்பதை நிறுத்த வேண்டும். நிறுவனத்திடம் சம்பளம் வாங்காத ஆய்வாளர்கள் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழி திறக்க வேண்டும். எந்திரம் எடுத்த முடிவு என்று சொல்லி எந்த மனிதரும் பொறுப்பிலிருந்து நழுவக் கூடாது.

ஒருநாள் உள்ளிருந்து உண்மையான சான்று வந்தால், அந்த எந்திரத்தின் பக்கம் நின்று பேசுவோம் என்றும் இப்போதே எழுதித் தருகிறோம். எங்களில் வராது என்பவர்களும் இந்த வரியில் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

நீங்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் வாருங்கள். இதன் கீழே உங்கள் பெயரையும் எழுதுங்கள்.